வசந்தாமணி போட்ட கல்

பீளமேட்டில், மோட்டார் வைண்டிங் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. ஜீன்ஸ் போட்டு, மேலே கரி படிந்த ஏப்ரன் ஒன்றைக் கட்டியிருப்பார். பெயர் கோகிலவாணி. வயது இருபத்தெட்டு. லேசர் கட்டிங் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் பூராவும் பெயர்ப்பலகை, தாம்பூலப் பெட்டி என்று வெட்டித் தள்ளுவார். சனிக்கிழமை மட்டும் கேட்டு வருகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பார்.

சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் சென்னியப்பன். பம்ப்செட் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் குவாலிட்டி செக்கிங் பார்த்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்ப் கேட்டைத் தாண்டாது. அந்தக் கையெழுத்தும் லேசில் விழாது. ரிட்டயரான அன்றைக்கே குறை தேடுகிற அந்தக் கண்ணைக் கழற்றிக் கம்பெனியிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். தோசை வட்டமாக இல்லை, துணி மடிப்பு நேராக இல்லை, காபி ஆறிப்போச்சு. தங்கமான மனுஷன்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், கட்டிக்கொண்டு வந்த அந்தம்மா பாடு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

முதல் நாள் வந்து நின்றபோது கையால் ஒரு சாண் அளந்து காட்டினார்.

"இத்தனூண்டு பெட்டிங்க அம்மிணி. முன்னெல்லாம் பொருட்காட்சியில நின்னுக்கிட்டே வீடியோ கேம் ஆடுவாங்களே, அதே பெட்டி. மேசை மேல வெக்கிற அளவுல வேணும். செய்யறதுக்குச் சொல்லித் தருவீங்களா?"

"பேரனுக்குங்களா சார்?"

"இல்லீங்க. சம்சாரத்துக்கு."

சென்னியப்பன் தானாகவே விவரம் சொன்னார். வசந்தாமணிக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகிறது. நடை தேவலை, பேச்சு தேவலை. வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. விரலை நாளுக்கு நூறு தடவையாவது அழுத்திப் பழக்க வேண்டும், இந்த ரெண்டு மூணு மாசத்தை விட்டுவிட்டால் அப்புறம் கை திரும்புவது கஷ்டம் என்று பிசியோதெரபிஸ்ட் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்திருந்தார்.

"பந்தை அழுத்தறாங்களா?"

"எங்கீங்க. பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுட்டா."

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உக்காருங்க சார்" என்றார்.

பாடம் ஆரம்பித்தது. மூணு மில்லி பலகை. ஒன்றில் ஒன்று மாட்டுவதற்கு மூணு மில்லி பள்ளம். சென்னியப்பன் கம்ப்யூட்டரில் அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தார். வெட்டி மாட்டினால் லொடலொடவென்று ஆடியது.

"மிஷின்ல கோளாறுங்க. நான் வரைஞ்சது சரி."

"நீங்க வரைஞ்சதும் சரி, மிஷினும் சரி. லேசர் போற வழியில பலகையைக் கொஞ்சம் எரிச்சுத் தின்னுட்டுத்தான் போகும். அதுக்குன்னு விட்டுக்கொடுத்து வரையணும்ங்க."

"எவ்வளவு விடோணும்?"

"ஒரு மயிரிழை."

சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பூரித்துப்போச்சு. மயிரிழை என்றால் அவர் ஆயுசுக்கும் அளந்த சாமான் ஆச்சே. வீட்டிலிருந்து நுணுக்க அளவு பார்க்கிற தன் வெர்னியரைக் கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு பெட்டி வெட்டினார். நாலையும் அவரே ரிஜெக்ட் பண்ணினார். ஐந்தாவது பெட்டியில் பலகைகள் டக் டக்கென்று உட்கார்ந்தன. மேலே நெற்றி மாதிரி சாய்ந்த ஒரு பலகை, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கிரீன், அதற்கும் கீழே ஒரு கைப்பிடி, ஒரு சிவப்புப் பட்டன். உள்ளே தீப்பெட்டி அளவில் மைக்ரோகன்ட்ரோலர். அதுதான் மூளை.

ஆட்டம் ரொம்பச் சாதாரணம். மேலேயிருந்து கல் விழும். கீழே ஒரு பொம்மை மனுஷன் நிற்பான். கைப்பிடியைத் திருப்பி அவனை இப்படியும் அப்படியும் ஓட்ட வேண்டும். பட்டனை அழுத்தினால் தாவுவான். கல் தலையில் பட்டால் போச்சு.

சென்னியப்பன் தினமும் காலையில் வாக்கிங் போய் வந்ததும் ஆடிப் பார்த்தார். முதல் நாள் நாலு தடவை தோற்றார். ஒரு வாரத்தில் கல் அவரைத் தொடவே முடியவில்லை.

"சப்புன்னு இருக்குதுங்களே" என்று வேகத்தைக் கூட்டினார். அடுத்த வாரம் இன்னும் கூட்டினார்.

"யாருங்க சார் ஆடிப் பார்த்தது?"

"நான்தாங்க. எரநூறு தடவைக்கு மேல செக் பண்ணிட்டேன்."

"வேற யாராச்சும்?"

"நான் பார்த்தா போதாதுங்களா?" சென்னியப்பனுக்கு லேசாகச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் ஆனதும், டேபிளில் வசந்தாமணி முன்னால் பெட்டியை வைத்தார். துண்டு போட்டு மூடி வைத்து, திறந்து காட்டினார் வேறு.

"ஏனுங்க, நீங்களே பண்ணீங்களா?"

"பின்னே."

அந்தம்மா முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, பொய்யில்லை. இடது கையால் பெட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கிக் கொண்டுவந்து பட்டன் மேல் வைத்து, இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு கல், ரெண்டு கல், மூணாவது கல் தலையில். 'ஆட்டம் முடிந்தது' என்று ஸ்கிரீனில் எழுத்து வந்தது. அந்த எழுத்தைச் சென்னியப்பனே ஒரு வாரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்திருந்தார்.

"இன்னொருக்கா ஆடு."

மூணு கல். 'ஆட்டம் முடிந்தது.'

"பட்டனைப் பார்க்காதே, கல்லைப் பாரு. கட்டைவிரலை அங்கே வெக்காதே, இங்கே வை. நீ லேட்டா அழுத்தறே."

ஐந்து தடவை ஆனது. அந்தம்மா கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அழகா இருக்குதுங்க. ஷோகேஸ்ல வைங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'அழகா இருக்குது'தான் சென்னியப்பன் நெஞ்சில் தைத்துவிட்டது.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அதிலும் பாதியாகக் குறைத்தார். கடைசியில் கல் வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம் போல ஆகிவிட்டது. மறுபடி கொண்டுபோய் வைத்தார். வசந்தாமணி ரெண்டு கல் பார்த்தார். அவ்வளவுதான், கண் சிவந்துவிட்டது.

"பாப்பாவுக்குக் குடுக்கறாப்பல குடுக்கறீங்களா? எனக்குக் கைதான் வரல. புத்தி நல்லாத்தான் இருக்குது. அக்கட்டால எடுத்துட்டுப் போங்க."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சென்னியப்பன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ரூமுக்குப் போவதென்று தெரியாமல் ஹாலிலேயே நின்றார். நாலு மாசம் போய் ஐந்து மாசம் ஆகிவிட்டது. அந்தக் கை இப்படியே நின்றுபோனால் என்ன பண்ணுவது என்ற பயம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை நன்றாகப் பிடித்தது.

சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமையே பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்துவிட்டார். குரு ஒரு டாக்டரின் பெயர்ப்பலகையிலிருந்து பேப்பரை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, வேகமா வெச்சா தோத்துப்போறா. மெதுவா வெச்சா கோவிச்சுக்கறா. ரெண்டுக்கும் நடுவால ஒரு அளவு இருக்கோணும்ல? எந்த அளவுல வெச்சா அவ ஜெயிப்பா? அதை மட்டும் சொல்லுங்க. மயிரிழை பிசகாம வெச்சிடறேன்."

குரு பேப்பரை உரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா கடைசியா எப்போ சிரிச்சாங்க சார்?"

சென்னியப்பன் யோசித்தார். இதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"நாய்க்குப் பந்தைப் போட்டப்பங்க. அன்னைக்கு நல்லாச் சிரிச்சா."

"எதைப் பார்த்துச் சிரிச்சாங்க? நாயையா?"

"இல்லீங்க." சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "என்ற மூஞ்சியைப் பார்த்து."

குரு பெயர்ப்பலகையைக் கீழே வைத்தார்.

"பின்னால இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டுங்க சார்."

கழற்றினார். குரு உள்ளே கைவிட்டுச் சிவப்புப் பட்டனைப் பிடுங்கி எடுத்துவிட்டார். அந்த இடத்தில் பெட்டிக்கு ஒரு ஓட்டை வந்துவிட்டது.

"அய்யய்யோ அம்மிணி, ஓட்டை தெரியுதுங்களே!"

"தெரியட்டும்ங்க."

அலமாரியிலிருந்து சாஸர் அகலத்துக்கு ஒரு பெரிய பட்டனை எடுத்தார். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டியை மிஷினில் போட்டு வெட்டினார். ரெண்டு முழம் ஒயரை வைத்துச் சால்டர் அடித்துப் பெரிய பெட்டியோடு சேர்த்தார். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமில் எதையோ அழித்தார், எதையோ எழுதினார். சென்னியப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, 'ஆட்டம் முடிந்தது' எங்கீங்க?"

"எடுத்துட்டேன்."

"ஒரு வாரம் உக்காந்து வரைஞ்சதுங்க அது!"

"தெரியுமுங்க சார். நல்லாத்தான் வரைஞ்சிருந்தீங்க."

சென்னியப்பனுக்கு வந்த கோபத்துக்கு, இதே வேறு யாராவது செய்திருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பார். குருவாகப் போய்விட்டதால் கம்மென்று இருந்தார். கீழே ஒரு வரியில் வேகத்தின் நம்பர் தெரிந்தது.

"இது நான் மொதமொதல்ல அவகிட்டக் குடுத்தப்ப வெச்ச வேகமாச்சுங்களே. இதுலதானே அவ தோத்தா?"

"ஆமாங்க. சப்புன்னு இருக்கக்கூடாதுன்னு வெச்சீங்களே, அதேதான்."

"இந்த வேகத்துல அவ எப்படீங்க ஓடுவா?"

"அவங்க எதுக்கு ஓடணும்? கைப்பிடி உங்க கையில. நீங்க ஓடுங்க."

"அப்போ அவ?"

"அவங்க கல்லு போடுவாங்க. ஒரு அழுத்துக்கு ஒரு கல்லு."

"யாரு மேல?"

குரு ஸ்க்ரூவை மாட்டிப் பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காபி குடிக்கிற நேரம். வசந்தாமணி டேபிளுக்கு வந்ததும் பெட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகம் பாதியில் நின்றது.

"ஏனுங்க, ஓட்டையா இருக்குது?"

"ஆமா."

"உங்க சாமான்ல ஓட்டையா?" அந்தம்மாவுக்கு நம்ப முடியவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். கல்யாணமான நாளாக இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

"உன்ற பட்டன் வெளிய வந்துருச்சு. இந்தா, இது உனக்கு. ஓடறது நான். கல்லு போடறது நீ."

"இந்த பொம்மை நீங்களா?"

"நாந்தான்."

"கல்லு நான் போடறதா?"

"அதைத்தானே சொல்றேன்."

வசந்தாமணி இடது கையால் வலது கையைத் தூக்கிப் பட்டன் மேல் வைத்தார். விரல் சரியாக மடங்கவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கல் விழுந்தது. சென்னியப்பன் சட்டென்று ஒதுங்கிவிட்டார். பொண்டாட்டிதானே என்று நின்று கொடுக்கிற ஆள் இல்லை அவர். ரெண்டாவதுக்கும் தப்பித்தார். மூணாவது கல் சரியாக உச்சந்தலையில் இறங்கியது. பொம்மை சுருண்டு விழுந்து, மறுபடி எழுந்து நின்றது.

"அது காபி ஆறிப்போச்சுன்னு சொன்னதுக்கு" என்றார் வசந்தாமணி.

சென்னியப்பன் திகைத்துப்போய் நிமிர்ந்தார். நிமிர்ந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தது.

"இது எங்கண்ணன் வீட்டுக் கல்யாணத்துல பந்தல் கோணலா இருக்குதுன்னு சம்பந்தி காதுபடச் சொன்னதுக்கு."

"அது நெசமாலுமே கோணலாத்தானே..."

"இது அதுக்கு."

"வசந்தா, செத்த இரு..."

"இது தீவாளிச் சீலையை வெளிச்சத்துல பிரிச்சு வெச்சு நூல் எண்ணினதுக்கு. அதுக்கு மூணு கல்லு."

மூணும் விழுந்தது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தவர், வேகம் பத்தாமல் விரலைக் கொண்டு வந்தார். விரல் முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். சென்னியப்பன் கைப்பிடியை உடைத்துவிடுகிற மாதிரி திருப்பித் திருப்பி ஓடினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எரநூறு தடவை செக் பண்ணிய அந்த ஓட்டமெல்லாம் எங்கே போச்சோ தெரியவில்லை. இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம், கல் வந்துகொண்டே இருந்தது.

"போதும் வசந்தா, மூச்சு வாங்குது."

"போதுமா? இப்பத்தான் தொண்ணூத்தெட்டாம் வருஷத்துக்கே வந்திருக்கேன்!"

சொல்லிவிட்டு வசந்தாமணி சிரித்தார். சும்மா இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாய்க்குப் பந்தைப் போட்ட நாளுக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. சென்னியப்பனுக்கு என்ன ஆச்சோ, அவருக்கும் அழுகை வந்துவிட்டது. இவளை இப்படிப் பார்க்காமல் எப்படி இத்தனை நாள் இருந்தோம் என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைக்கிற நேரத்தில் ரெண்டு கல் விழுந்தது.

கை ஓய்ந்த பிறகுதான் அந்தம்மா பட்டனை விட்டார். வலது கையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"இதைத் தூக்கி ஷோகேஸ்ல வெச்சுராதீங்க. காலையில ஆடோணும். இன்னும் பாக்கி இருக்குது."

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை, சென்னியப்பன் பட்டறைக்கு வந்தார். வலது கட்டைவிரலில் தைலம் தடவித் துணி சுற்றியிருந்தது.

"என்னாச்சுங்க சார் விரலுக்கு?"

"கைப்பிடியைத் திருப்பித் திருப்பி வீங்கிப்போச்சுங்க. அதை விடுங்க. அவளுக்கு ஆள்காட்டி விரல் தனியா எந்திரிக்குது அம்மிணி! நேத்துத் தட்டத்துல இருந்து அப்பளம் எடுத்தா, வலது கையில. எடுத்தது எந்தக் கைன்னு அப்புறம்தான் அவளே பார்த்தா. பிசியோதெரபிஸ்ட் என்ன பண்ணீங்கன்னு கேக்கறாரு. என்னத்தைச் சொல்றது? ரெண்டு நேரமும் பொண்டாட்டிகிட்டக் கல்லடி வாங்கறேன்னா சொல்ல முடியும்?"

குரு வாய்விட்டுச் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்து முடித்து, பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"எல்லாம் சரிங்க. ஒரே ஒரு குறை இருக்குது."

"சொல்லுங்க சார். நீங்க குறை சொல்லலைன்னாத்தான் எனக்குப் பயம்."

"ஸ்கிரீன்ல வலது மூலையில ஒரு நம்பர் ஏறுதுங்க. அவ ஒருக்கா அழுத்தினா ஒண்ணு ஏறுது. மொத நாள் நாப்பத்தி மூணு. நேத்து எரநூத்தி முப்பத்தொண்ணு, பிசியோதெரபிஸ்ட் கேட்டதே நூறுதான். அது அவ ஸ்கோரு, ரொம்பச் சந்தோஷம். ஆனா நானும்தானே அந்த ஓட்டம் ஓடறேன்? விரல் வீங்கற வரைக்கும் ஓடியிருக்கேன். ஒரு நாளும் ஜெயிக்கல. அது போகட்டும். என்ற ஸ்கோருன்னு ஒண்ணு இருக்கோணுமில்ல? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடிட்டேன், ஸ்கிரீன்ல எங்கேயும் காணோம். போட மறந்துட்டீங்களா?"

குரு மிஷினிலிருந்து ஒரு பலகையை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த கரியை ஊதினார்.

"அந்த எரநூத்தி முப்பத்தொண்ணு அம்மாவோட ஸ்கோருன்னு யாருங்க சார் சொன்னா?" என்றார். "அது உங்களுதுங்க."